புரொஸ்டேட் வீக்கத்துக்கு ரோபோ அறுவை: யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

புரொஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றிலும் அமைந்திருக்கும் சுரப்பி. பாடப்புத்தகங்களில் இதற்கு முன்னிற்கும் சுரப்பி என்று பெயர். இளவயதில் எடை ஏறத்தாழ 20 கிராம். விந்தோடு கலக்கும் திரவத்தின் ஒரு பங்கைச் சுரப்பதே இதன் வேலை. நாற்பதைத் தாண்டியபின் இதன் உட்பகுதி, அதாவது குழாயை ஒட்டியிருக்கும் பகுதி, மெல்ல மெல்லத் தடிக்கத் தொடங்குகிறது. அறுபது வயதை எட்டிய ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடமும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேலும் நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த வளர்ச்சி தெரியும். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தோன்றும். வீக்கம் உட்பகுதியில் வரும்.

ஆண்களின் உடலில் ஓடும் டெஸ்டோஸ்டெரோன் புரொஸ்டேட்டுக்குள் இன்னும் வீரியமான ஒரு ஹோர்மோனாக மாறுகிறது. அந்த ஹோர்மோன் இல்லாவிட்டால் வளர்ச்சியும் இல்லை. 1890களில் விதைகளை அகற்றியே இந்த வீக்கத்துக்கு வைத்தியம் பார்த்தவர்கள் இருந்தார்கள். பலன் கிடைத்தது உண்மைதான், ஆனால் நோயை விட வைத்தியம் கொடியது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1992இல், அதே ஹோர்மோன் மாற்றத்தை மாத்திரையால் தடுக்கும் ஃபினாஸ்டரைட் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சுரப்பியின் பருமனும் தொந்தரவின் அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 30 மில்லிலீற்றர் புரொஸ்டேட் ஒருவரின் சிறுநீரை முற்றாக மறித்துவிடும். 100 மில்லிலீற்றர் சுரப்பியோடு இன்னொருவர் நிம்மதியாக உறங்குவார். சதை வெளிப்பக்கம் விரிகிறதா, குழாயை நெருக்குகிறதா, சிறுநீர்ப்பையின் வாயில் மூடிபோல் எழும்பி நிற்கிறதா என்பதைப் பொறுத்தது அது. அதனால் வைத்தியர்கள் ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. கழித்தும் மீதம் இருப்பதுபோன்ற உணர்வு, அடிக்கடி போதல், விட்டுவிட்டு வருதல், அடக்க முடியாமை, மெலிந்த தாரை, முக்கிப் போதல், இரவில் எழும்புதல் ஆகிய ஏழு கேள்விகளுக்கு 0 முதல் 5 வரை புள்ளியிட்டுக் கூட்டுவார்கள். மொத்தம் 35. ஏழு வரை இலேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எட்டாவதாக ஒரு கேள்வி தனியே நிற்கிறது: வாழ்நாள் முழுவதும் இப்படியே இருந்தால் எப்படி இருக்கும்? உண்மையில் சிகிச்சையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

இலங்கையில் பலாங்கொடையைச் சுற்றியுள்ள பெட்டியாகலை, ராசகலை போன்ற தேயிலைத் தோட்டங்களில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதும் இல்லை, பதில் சொல்வதும் இல்லை. "வயசு போனா அப்படித்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பழைய லயங்களில் கழிப்பறை காம்பராவை விட்டுத் தள்ளித்தான் இருக்கும். இரவில் நாலைந்து தடவை எழும்புகிறவர் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து, டோர்ச் அடித்து, மழை ஈரத்தில் வழுக்கும் படியில் இறங்கவேண்டும். அதற்குப் பயந்து மாலை நாலு மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள் வயதானவர்கள். சிறுநீர் தடித்து எரிவு வரும், கிருமி தொற்றும், நிலைமை மோசமாகும். கவ்வாத்து மலையில் வேலை செய்த காலத்தில் எங்கு வேண்டுமானாலும் ஒதுங்க முடிந்ததால் தெரியாதிருந்த தொல்லை, ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும்போதோ பஸ்ஸில் இரத்தினபுரிக்குப் போகும்போதோதான் வெளிப்படும். தோட்டச் சுகாதாரம் தாய்மாரையும் குழந்தைகளையும் மையமாக வைத்து வளர்ந்தது. மருத்துவமாது வீடு தேடி வருவார், எடை பார்ப்பார், தடுப்பூசிக்கு அழைப்பார். அறுபது கடந்த ஆணைத் தேடி எவரும் வருவதில்லை. அவராகப் போய்ச் சொன்னால்தான் உண்டு, அவரோ சொல்லக் கூச்சப்படுகிறவர்.

எனவே பலருக்கு முதல் வைத்தியமே அவசர வைத்தியமாகிவிடுகிறது. ஒருநாள் சிறுநீர் முற்றாக அடைத்துக்கொள்ளும். அடிவயிறு கல்லாகும், வலி தாங்க முடியாது. இதைத் தூண்டிவிடுவது பல வேளைகளில் சாதாரண விஷயம்: தடிமனுக்குக் கடையில் வாங்கிய பிரிட்டன் (Piriton) மாத்திரை, சளி மருந்துக் கலவை, மலச்சிக்கல், அளவுமீறிய மது. வீக்கம் உள்ள ஆண்கள் தடிமன் மருந்தைக் கேட்டுத்தான் குடிக்கவேண்டும். அடைத்துவிட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸை இலவசமாக அழைக்கலாம். பலாங்கொடை ஆதார வைத்தியசாலையில் ஒரு டியூப் போட்டதும் வலி நிமிடங்களில் அடங்கிவிடும்.

அதைவிட ஆபத்தானது வலியே இல்லாத அடைப்பு. சிறுநீர்ப்பை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, ஒரு லீற்றருக்கு மேல் தேங்கியிருந்தும் ஆளுக்குத் தெரியாது. அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெரியவர் ஒருவர் திடீரென்று இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினால் வீட்டார் அதை முதுமையின் தளர்ச்சி என்று விட்டுவிடுவார்கள். வைத்தியர்களோ இந்த வலியில்லாத அடைப்பைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். கால் வீங்கி, வாந்தி வந்து, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியற்றினின் இரத்தத்தில் ஏறிய பிறகு கண்டுபிடிக்கப்படுகிற புரொஸ்டேட்டுகள் இந்த வகை.

பரிசோதனைகள் எளியவை. கையுறை அணிந்த விரலால் ஆசனவாய் வழியே சுரப்பியைத் தொட்டுப் பார்த்தல், சிறுநீர்ப் பரிசோதனை, கிரியற்றினின், புற்றுநோய்ச் சந்தேகத்துக்கான பீ.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன். ஸ்கேனில் சுரப்பியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, 0.52ஆல் பெருக்கினால் கன அளவு வரும். கழித்த பிறகு பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் அதே ஸ்கேன் சொல்லும். தாரையின் வேகத்தை அளக்கும் கருவி இருந்தால் அதில் ஒருமுறை கழிக்கச் சொல்வார்கள். செக்கனுக்கு 10 மில்லிலீற்றருக்குக் கீழே என்றால் தடை இருப்பது பெரும்பாலும் உறுதி. கிளினிக் கொப்பியில் எழுதப்படும் இந்த எண்களில் சுரப்பியின் கன அளவை மட்டுமாவது நோயாளி தெரிந்து வைத்திருப்பது நல்லது. எந்த அறுவை என்ற கேள்வி அந்த எண்ணைச் சுற்றித்தான் சுழல்கிறது.

பெரும்பாலோர் மாத்திரையிலேயே காலத்தை ஓட்டிவிடலாம். டாம்சுலோசின் குழாயைச் சுற்றிய தசையைத் தளர்த்தும், சில நாட்களில் பலன் தெரியும். எழும்பும்போது தலைசுற்றும் என்பதால் இரவில் குடிக்கச் சொல்வார்கள். கண்புரை அறுவைக்குப் போகிறவர் இந்த மாத்திரை குடிப்பதைக் கண் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும், அறுவையின்போது கருவிழித்திரை தொய்ந்துபோகும். ஃபினாஸ்டரைட், டியூட்டாஸ்டரைட் இரண்டும் சுரப்பியையே சுருக்குகிறவை, ஆனால் ஆறு மாதமாவது பொறுக்கவேண்டும். இவை பீ.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். மாத்திரை விவரம் தெரியாத வைத்தியர் அந்த அளவைப் பார்த்து ஏமாறக்கூடும். 2003இல் வெளிவந்த, 3,047 ஆண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு ஒன்று, இரு வகையையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் முற்றுவது மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது என்று காட்டியது.

மாத்திரைக்கு அடங்காதவர்கள், திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்கிறவர்கள், பையில் கல் விழுந்தவர்கள், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள், அடிக்கடி இரத்தம் போகிறவர்கள் ஆகியோருக்குத்தான் அறுவை. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் அதன் பெயர் டீ.யூ.ஆர்.பீ. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்து, சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்தி, மின்கம்பி வளையத்தால் சதையைச் சீவிச் சீவி எடுப்பது. வெளியில் ஒரு கீறலும் கிடையாது. 1926இல் நியூயோர்க்கில் மக்ஸிமிலியன் ஸ்டேர்ன் இதற்கான கருவியை அறிமுகப்படுத்தினார். நூறு வருடமாகியும் இதை முற்றாக ஓரங்கட்ட வேறொன்றால் முடியவில்லை. குறைந்த காயம் என்ற சொல் பிரபலமாவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே புரொஸ்டேட் அறுவை குறைந்த காயத்தோடு நடந்துகொண்டிருந்தது என்பதை ரோபோ விளம்பரங்கள் சொல்வதில்லை.

டீ.யூ.ஆர்.பீ.க்கு எல்லை உண்டு. சுரப்பி 80 மில்லிலீற்றரைத் தாண்டிவிட்டால் சீவி முடிக்க நேரம் போதாது. நேரம் நீள நீள இரத்த இழப்பு கூடும். கழுவப் பயன்படும் கிளைசின் கரைசல் உடம்புக்குள் ஏறி சோடியத்தைக் குறைத்துவிடும். சேலைனில் இயங்கும் புதிய வகைக் கருவிகள் இரண்டாவது ஆபத்தை நீக்கின, முதலாவதை அல்ல. இத்தகைய பெரிய சுரப்பிகளுக்கு வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைதான் பாரம்பரிய வழி.

அந்த அறுவையைப் பிரபலப்படுத்தியவர் பீட்டர் ஃபிரேயர் என்ற அயர்லாந்துக்காரர். இந்திய மருத்துவச் சேவையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, சிறுநீர்ப்பைக் கல் உடைப்பதில் பெயர் எடுத்தவர். ராம்பூர் நவாபின் கல்லை அகற்றியதற்கு அவருக்கு இலட்ச ரூபா கிடைத்த கதை அக்காலத்தில் பெரும் பேச்சு. இலண்டன் திரும்பியபின் 1900 டிசம்பரில் சென் பீட்டர்ஸ் வைத்தியசாலையில் சிறுநீர்ப்பையைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, வளர்ந்த சதையை அதன் உறையிலிருந்து பிரித்தெடுத்தார். தோடம்பழத்தின் தோலைக் கிழிக்காமல் சுளையை மட்டும் விரலால் நெம்பி எடுப்பது போன்ற வேலை அது: வளர்ந்த உட்சதை சுளை, சுரப்பியின் வெளிப்பகுதி தோல். நியூயோர்க்கின் யூஜீன் ஃபுலர் ஆறு வருடத்துக்கு முன்பே இதைச் செய்திருந்தார். ஃபிரேயர் கடைசிவரை அதை மனதார ஒப்புக்கொள்ளவில்லை. 1945இல் டெரன்ஸ் மில்லின் என்ற இன்னொரு அயர்லாந்துக்காரர் சிறுநீர்ப்பையைத் தொடாமல் சுரப்பியின் உறையையே நேராகத் திறக்கும் வழியைக் காட்டினார். இன்றைய ரோபோ செய்வது இந்த இருவரின் அறுவைகளைத்தான். மாறியது உள்ளே போகும் வழியும் கையும் மட்டும்.

ரோபோவுக்கும் புரொஸ்டேட்டுக்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிடப் பழையது. மனித உடலிலிருந்து சதையை வெட்டி எடுத்த முதல் ரோபோவே புரொஸ்டேட் வீக்கத்துக்காகத்தான் செய்யப்பட்டது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் பிரையன் டேவிஸும் சிறுநீரியல் அறுவை நிபுணர் ஜோன் விக்கமும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் கருவி 1991இல் முதன்முதலில் நோயாளியிடம் பயன்படுத்தப்பட்டது. டீ.யூ.ஆர்.பீ. கருவியை ஓர் உலோக வளையத்தில் பூட்டி, கணினி தீர்மானித்த எல்லைக்குள் தானே சீவும்படி செய்திருந்தார்கள். விளைவுகள் மோசமில்லை. ஆனால் வைத்தியர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க விரும்பவில்லை போலும், சந்தைக்கு வரவில்லை. பிறகு வென்றது தானே முடிவெடுக்கும் ரோபோ அல்ல, வைத்தியரின் கையை நீட்டிக்கொடுக்கும் ரோபோ.

அதுதான் டாவின்சி. 2000ஆம் ஆண்டு அமெரிக்க அனுமதி பெற்றது. 2024 இறுதியில் உலகெங்கும் ஏறத்தாழ 9,900 இயந்திரங்கள் இருந்தன. புரொஸ்டேட் புற்றுநோய் அறுவையில் இதை ஒரு வழக்கமான முறையாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் மணி மேனன். கேரளத்தில் பிறந்து, புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்து, டெட்ரோயிட் ஹென்றி ஃபோர்ட் வைத்தியசாலையில் பணியாற்றியவர். வீக்கத்துக்கு, அதாவது உட்சதையை மட்டும் எடுக்கும் அறுவைக்கு, ரோபோவைப் பயன்படுத்தி முதலில் அறிக்கை வெளியிட்டவர்களில் வெனிசுவேலாவின் ரெனே சொட்டேலோ ஒருவர். 2008இல் ஏழு நோயாளிகளின் விவரத்தைப் பதிப்பித்தார். புற்றுநோய்க்குச் செய்வது சுரப்பி முழுவதையும் விந்துப்பைகளோடு அகற்றுவது. வீக்கத்துக்குச் செய்வது அப்படியல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு "ரோபோவால் புரொஸ்டேட்டை எடுத்துவிடுவார்கள், பிறகு அடக்க முடியாமல் ஒழுகும்" என்று பயப்படுகிறவர்கள் நிறைய.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் நடப்பது இதுதான். நோயாளிக்கு முழு மயக்கம். மேசையைத் தலை கீழாகவும் கால் மேலாகவும் 25 பாகை அளவுக்குச் சரிப்பார்கள். குடல் நெஞ்சுப் பக்கம் வழிந்து இடுப்புக்குழி காலியாகும். தொப்புளுக்கு அருகே சிறு துவாரமிட்டு காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உப்ப வைப்பார்கள். 8 மில்லிமீற்றர் அளவில் நாலு துவாரங்கள் ரோபோவுக்கு, ஒன்றிரண்டு உதவியாளருக்கு. ஒரு துவாரத்தில் இரட்டைக் கமரா, மற்றவற்றில் கத்தரி, இடுக்கி, ஊசிபிடி. வைத்தியர் நோயாளியைத் தொடுவதில்லை. சில அடி தள்ளி ஒரு மேசையில் தலையைப் புதைத்து உட்கார்ந்திருப்பார். பத்து மடங்கு பெரிதாக, ஆழம் தெரியும் படம் கண்முன் வரும். விரல்களை அசைத்தால் உள்ளே கருவியின் மணிக்கட்டு அசையும், மனிதக் கையால் திரும்ப முடியாத பக்கமும் திரும்பும். கை நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். தொட்டுணர்வு மட்டும் நெடுங்காலம் கிடையாது. நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதைக் கண்ணால்தான் ஊகிக்கவேண்டும். 2024இல் அனுமதி பெற்ற ஐந்தாம் தலைமுறை இயந்திரம்தான் அந்த அழுத்தத்தை விரலுக்குத் திருப்பித் தரத் தொடங்கியது.

வைத்தியர் முதலில் சிறுநீர்ப்பையைத் திறப்பார். சிறுநீரகங்களிலிருந்து வரும் இரு குழாய்களின் வாய்களைக் கண்டு கொள்வது அடுத்த வேலை, அவை காயப்படக்கூடாது. பையின் வாயில் உந்தி நிற்கும் சதையைச் சுற்றி வட்டமாகக் கீறினால் உட்சதைக்கும் உறைக்கும் இடையே வெண்மையான ஒரு தளம் தட்டுப்படும். அந்தத் தளத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி இறங்குவதுதான் அறுவையின் உயிர். இரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக எதிர்ப்படும்போதே சுட்டு அடைக்கலாம்; ஃபிரேயரின் விரலுக்கு அந்த வசதி இல்லை. கீழ்முனையில் சிறுநீர்க்குழாயை வெட்டும் இடத்தில் அவசரம் கூடாது, அதற்கு அப்பால்தான் அடக்கும் தசை இருக்கிறது. சதை முழுவதும் வந்தபின் பையின் உட்தோலை இழுத்துக் குழாயின் அறுந்த முனையோடு தைப்பார்கள். வெறும் குழியாக விடாமல் இப்படித் தோலால் மூடுவதால் இரத்தக்கசிவு குறைகிறது, நீர் விட்டுக் கழுவவேண்டிய நேரமும் குறைகிறது. வெட்டியெடுத்ததைப் பையொன்றில் போட்டு, ஒரு துவாரத்தைச் சற்று அகலமாக்கி வெளியே எடுப்பார்கள். சிறுநீர்ப்பையில் கல் இருந்தால், பையின் சுவர் பிதுங்கியிருந்தால், அவற்றையும் அதே தடவையில் பார்த்துவிடலாம். மொத்தம் இரண்டிலிருந்து மூன்று மணித்தியாலம்.

திறந்த அறுவையோடு ஒப்பிட்டால் இரத்தம் ஏற்றவேண்டிய தேவை குறைவு, வயிற்றில் நீண்ட தழும்பு இல்லை, வலி குறைவு, ஒன்றிரண்டு நாளில் வீடு திரும்பலாம். டியூப் ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கும். தாரையின் வேகத்திலும் அறிகுறிப் புள்ளியிலும் கிடைக்கும் முன்னேற்றம் திறந்த அறுவைக்குச் சமம். அதைவிட மேல் அல்ல. பின்னோக்கிய விந்து, அதாவது உச்சத்தில் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போவது, இதிலும் பெரும்பாலோருக்கு நேர்கிறது. டீ.யூ.ஆர்.பீ.யிலும் இது பலருக்கு நேரும். இன்பம் குறையாது, பிள்ளை பெறும் வாய்ப்புத்தான் குறையும். விறைப்பு பொதுவாகக் கெடுவதில்லை. இதை அறுவைக்கு முன் வைத்தியர் சொல்லாவிட்டால் நோயாளி கேட்கவேண்டும். கேட்காமல் போனவர்கள் பிறகு மனைவியிடமும் சொல்லாமல் தவிக்கிறார்கள்.

ரோபோவுக்கு உண்மையான போட்டி திறந்த அறுவை அல்ல, ஹோல்மியம் லேசர். நியூசிலாந்தின் டவுரங்கா நகரில் பீட்டர் கில்லிங்கின் குழு 1990களில் உருவாக்கிய முறை இது. ஃபிரேயரின் விரல் செய்ததை லேசர் நாரால் சிறுநீர் வழியாகவே செய்வது: உட்சதையை உறையிலிருந்து உரித்துச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கே அரைத்து உறிஞ்சி எடுப்பார்கள். வயிற்றில் துவாரமே இல்லை. டியூபை ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிடலாம். 200 மில்லிலீற்றர் சுரப்பிக்கும் செய்யலாம். குறை என்னவென்றால் கற்றுக்கொள்வது கடினம், பல டசின் நோயாளிகளுக்குப் பிறகுதான் கை படியும். ரோபோவில் ஏற்கெனவே புற்றுநோய் அறுவை செய்து பழகியவருக்கு வீக்க அறுவை எளிதில் வரும். நல்ல லேசர் நிபுணர் இருக்கும் இடத்தில், வேறு கோளாறு எதுவும் இல்லாத பெரிய புரொஸ்டேட்டுக்கு வயிற்றைத் துளைக்கும் ரோபோவைத் தேடிப்போக வேண்டியதில்லை. சிறுநீர்ப்பையில் பெரிய கல்லோ சுவர்ப் பிதுக்கமோ சேர்ந்திருந்தால், அல்லது இடுப்பெலும்பு, தொடை மூட்டுக் கோளாறால் கால்களை அகட்டி வைக்க முடியாவிட்டால், ரோபோவின் பக்கம் நியாயம் இருக்கிறது.

1991இல் முயன்று பிறகு கைவிடப்பட்ட தானியங்கி யோசனையும் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. அக்வாபீம் என்ற ரோபோ கத்தியோ வெப்பமோ இல்லாமல், அதிவேக சேலைன் தாரையால் சதையை அரித்தெடுக்கிறது. ஆசனவாய் வழியாக வைத்த ஸ்கேன் கருவி சுரப்பியைக் காட்ட, எதை எடுப்பது, எதை விடுவது என்று வைத்தியர் திரையில் கோடு போடுவார். பிறகு இயந்திரம் தானே ஓடும். மனிதரிடம் இதை முதலில் பரிசோதித்ததும் அதே கில்லிங்தான். 17 நிலையங்களில் 181 ஆண்களோடு நடந்த ஒப்பீட்டாய்வு 2018இல் வெளியானது. சதையை எடுக்கும் நேரம் டீ.யூ.ஆர்.பீ.யில் சராசரி 27 நிமிடம், நீர்த்தாரையில் 4 நிமிடம். முழு அறுவையின் நேரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே, ஆகவே அந்த 4 நிமிடத்தை வைத்து மயங்கவேண்டாம். கவனிக்கவேண்டிய எண் வேறு: விந்து வெளியேறாமல் போனது டீ.யூ.ஆர்.பீ. பெற்றவர்களில் 36 சதவீதம், நீர்த்தாரை பெற்றவர்களில் 10 சதவீதம். விந்து வெளியேற்றத்தைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பும் இளையவருக்கு இது உண்மையான நன்மை. வெப்பம் இல்லாததால் இரத்தக் குழாய்கள் தாமாக மூடுவதில்லை என்பது மறுபக்கம்.

விலைக்கு வந்தால், டாவின்சி இயந்திரம் ஒன்று பத்து இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல். புதிய மாதிரிகள் இருபது இலட்சத்தைத் தாண்டும். பராமரிப்புக்கு வருடாவருடம் தனிக் கட்டணம். கத்தரி, இடுக்கி ஒவ்வொன்றிலும் ஒரு சில்லு இருக்கும். குறித்த எண்ணிக்கை அறுவை முடிந்ததும் கருவி கூராகவே இருந்தாலும் இயந்திரம் அதை ஏற்காது, புதிது வாங்கவேண்டும். நீண்ட காலம் அந்த எண்ணிக்கை பெரும்பாலான கருவிகளுக்கு 10ஆக இருந்தது. நாளுக்குச் சில அறுவையாவது நடக்காத இடத்தில் இந்தக் கணக்கு ஒருபோதும் சரிவராது. தமிழ்நாடு அரசு 2022இல் சென்னை ஓமந்தூரார் அரசு பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையில் ஏறத்தாழ 35 கோடி இந்திய ரூபா செலவில் ரோபோ அறுவைப் பிரிவைத் தொடங்கியது. ஏழரைக் கோடி மக்களுக்கு மேல் வாழும் மாநிலத்துக்கு அது தாங்கும். 2022இல் அத்தியாவசிய மருந்துக்கே டொலர் தேடிய இலங்கைக்கு, லேசரும் நல்ல டீ.யூ.ஆர்.பீ. கருவிகளும் அவற்றுக்குப் பயிற்சிபெற்றவர்களும் முதலில் வருவதே நியாயமான ஒழுங்கு.

கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். அங்குள்ள பெரிய தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் ரோபோவும் லேசரும் உண்டு. இலங்கையிலிருந்து போகிறவர்களும் உண்டு. தோட்டத்தில் ஓய்வுபெற்ற ஒருவரின் சேமலாப நிதி முழுவதையும் இதற்குக் கரைப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் சில. சுரப்பி எத்தனை மில்லிலீற்றர்? 80க்குக் கீழே என்றால் இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ கடிதம் வாங்கிப் போய்ச் செய்துகொள்ளக்கூடிய டீ.யூ.ஆர்.பீ. போதும், அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமும் இல்லை. 80க்கு மேல் என்றால், லேசர் வசதி எங்கே உண்டு? அதுவும் இல்லையென்றால் திறந்த அறுவை. அது பழையது, ஆனால் நம்பகமானது. அறுவை செய்யப்போகிற வைத்தியர் அந்த முறையில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்பது இயந்திரத்தின் பெயரைவிட முக்கியமான கேள்வி. காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கும் என்பது உண்மை. அதனால்தான் முதல் அறிகுறியிலேயே கிளினிக்கில் பெயர் பதியவேண்டியிருக்கிறது.

அஸ்பிரின், குளோபிடோகிரெல் குடிக்கிறவர்கள் அறுவைக்கு முன் கட்டாயம் சொல்லவேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. டியூபோடு பலாங்கொடைக்குத் திரும்புகிறவர் ஏ4 வீதியின் வளைவுகளில் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவது கூடாது. டியூபில் இருந்து சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவேண்டும், மடியில் வைத்தால் சிறுநீர் திரும்பி ஏறும். வீட்டில் தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். முக்காமல் மலம் போக மருந்து தருவார்கள், அதை அலட்சியம் செய்யக்கூடாது. பத்தாவது நாளிலிருந்து இரண்டு வாரம் வரை திடீரென்று இரத்தம் போகலாம். இலேசாக இருந்தால் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் அடங்கும், கட்டி கட்டியாக வந்து அடைத்தால் உடனே வைத்தியசாலை. டியூபை எடுத்தபின் சில வாரம் அவசரமாக வருவதும் சற்றே ஒழுகுவதும் சகஜம், பெரும்பாலோருக்குத் தானே சரியாகும். கொழுந்துச் சாக்குத் தூக்குதல், விறகு வெட்டுதல், மோட்டார் சைக்கிள் எல்லாம் ஆறு வாரத்துக்கு வேண்டாம். சில மாதங்களுக்குப் பின் தாரை மறுபடி மெலிந்தால் குழாயில் தழும்பு சுருங்கியிருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

வீக்கத்துக்காகச் செய்யப்படும் எந்த அறுவையிலும், ரோபோவாக இருந்தாலும் லேசராக இருந்தாலும், சுரப்பியின் வெளிப்பகுதி உள்ளேயே இருக்கிறது. புற்றுநோய் வருவது பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். ஆகையால் "புரொஸ்டேட்டை எடுத்தாச்சு" என்று கிளினிக் கொப்பியைத் தூக்கிப் போட்டுவிடாமல், பீ.எஸ்.ஏ. பரிசோதனையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்யவேண்டும் என்பதை வைத்தியரிடம் கேட்டு அந்தக் கொப்பியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.